பேழையில் வந்த பெண்கள்

மட்டக்களப்பில் புது ஆளைக் கண்டால் முதலில் ஊர் கேட்பார்கள். அடுத்தது, "ஆரிட பிள்ளை?" மூன்றாவது கேள்வி கொஞ்சம் குரல் தாழ்ந்து வரும்: "என்ன குடி?"

குடி என்பது இங்கே தாய்வழி வருகிற வம்சம். தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளை தாயின் குடிதான். என் இரண்டு பிள்ளைகளும் என் குடி. என் கணவர் அவருடைய அம்மாவின் குடி. ஆக, எங்கள் வீட்டில் நாலு பேரில் அவர் மட்டும் வேறு குடி. கோபம் வந்தால் "நான் இஞ்ச விருந்தாளிதானே" என்பார். அதில் பாதி சரி. வீடு எனக்குச் சீதனமாக வந்தது, உறுதி என் பெயரில் இருக்கிறது. குருக்கள்மடத் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. அங்கிருந்து ஒரு சூட்கேசோடு பாதையில் இக்கரைக்கு வந்தவர் அவர்தான். வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம்.

என் குடியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், வாசிக்கிற மட்டக்களப்பார் கட்டுரையை விட்டுவிட்டு எந்தக் கோயிலில் எத்தனையாம் திருவிழா எங்களுடையது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி, கச்சிலா குடி என்று பெயர்கள் நீளும். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. பெரியம்மா, சித்தியின் பிள்ளைகள் நம் குடி, அதனால் சகோதரர். மாமன், மாமியின் பிள்ளைகள் வேறு குடி, அதனால் மச்சான், மச்சாள். ஐந்து வயதிலேயே இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிந்துவிடும்.

வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் உள்ள பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. பழைய மட்டக்களப்பு என்றால் வடக்கே வெருகல் தொடங்கித் தெற்கே குமுக்கன் ஆறு வரை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் தம்பிலுவிலையும் காரைதீவையும் விட்டுவிட்டு மட்டக்களப்பின் கதையைச் சொல்ல முடியாது. முஸ்லிம் ஊர்களை விட்டுவிட்டும் முடியாது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு, மகளுக்குத்தான் வீடு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, இரு சமூகத்தின் குடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து, 2008இல் பெரிய நூலாக வெளியிட்டார். எங்களைப் பற்றி நாங்களே எழுதியதைவிட அதில் விவரம் கூட என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

வீடு மகளுக்கு என்பது சொல்லச் சுகம், நடத்திப் பார்த்தால்தான் பாடு தெரியும். எங்கள் அம்மாவுக்கு மூன்று பெண்கள். மூத்த அக்காவுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு சிறு வீடு கட்டி நாங்கள் போனோம். அந்தச் சிறு வீட்டைப் பெருப்பித்துச் சின்னக்காவுக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது எனக்கு. கடைசிக் காலத்தில் அப்பா படுத்தது ஒரு காலம் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில். "நான் கட்டின மூண்டு வீட்டுக்கும் நான்தான் வாடகைக்காரன்" என்று சிரிப்பார். இன்று வயல் வருமானத்தில் வீடு எழும்பாது. அதனால் மகளுக்கு வீடு கட்டவென்றே சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன தாய்மார் எங்கள் பக்கம் ஏராளம்.

முன்பு இந்த முறை நீதிமன்றத்திலும் செல்லும். கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் 'முக்குவர் சட்டம்' என்று அதை அச்சிட்டார். முதுசச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும், அதாவது மாமனுடையது மருமகனுக்கு. அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கச் சட்டத்தோடு அதன் ஆட்சி முடிந்தது. கேரளத்தின் மருமக்கத்தாயம் இதற்குக் கிட்டத்து உறவு. அங்கே கூட்டுக் குடும்பத்தை ஒழிக்கும் சட்டம் 1975இல்தான் வந்தது. எங்களிடம் சட்டம் போய் 100 ஆண்டுகளுக்கு மேலாகியும் குடி நிற்கிறது. அதை நிற்க வைத்திருப்பது கோயில். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கதைகள். மட்டக்களப்பின் பழைய வரலாறு கல்லில் குறைவு, ஏட்டில் அதிகம். நாங்கள் 'கல்வெட்டு' என்று சொல்வதே பெரும்பாலும் ஏட்டில் எழுதி, கோயிலில் படித்துக் கேட்கும் பாடமும் பாட்டும்தான். அப்படிக் கிடந்த ஏடுகளைத் தொகுத்து எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்று பதிப்பித்தார். இரண்டு ஆண்டு கழித்து வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' வந்தது. ஓய்வுபெற்ற பிறகு இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தபோது எனக்குப் பட்ட ஒரு விஷயத்தைத்தான் எழுத வந்தேன். இந்தக் கரையின் கதைகளில் ஊரைத் தொடங்கி வைப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள்! அதுவும் கடல் கொண்டுவந்து சேர்த்த பெண்கள்.

ஆடகசவுந்தரி கைக்குழந்தையாகப் பேழையில் வைக்கப்பட்டுக் கடலில் விடப்பட்டவள். கரைசேர்ந்து, வளர்ந்து, உன்னரசுகிரியை ஆண்டு, கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டனை மணந்தாள் என்பது கதை. உலகநாச்சி கலிங்கத்திலிருந்து தம்பியோடு வந்து மண்முனையில் குடியேறி ஆண்டவள். சீர்பாததேவி சோழநாட்டு இளவரசி. கணவனோடு அவள் வந்த கப்பல் திருகோணமலைக் கடலில் நகராமல் நின்றது, கடலுக்கடியில் பார்த்தால் ஒரு பிள்ளையார் சிலை. கப்பல் எங்கே போய்த் தட்டுகிறதோ அங்கே கோயில் கட்டுகிறேன் என்று அவள் நேர்ந்தாள். அது வந்து நின்ற இடம் வீரமுனை. அங்குள்ள சிந்தாயாத்திரைப் பிள்ளையார் அப்படி வந்தவர், சீர்பாதர் என்ற சமூகத்தின் பெயரும் அவள் பெயரால் வந்தது.

தமிழ்க் கதையில் மட்டும்தானா? மகாவம்சத்தில் களனி மன்னனின் மகளைக் கடல் சீற்றம் தணியப் பொற்கலத்தில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். அவள் தெற்கே கரைசேர்ந்து, காவந்தீசனை மணந்து, துட்டகைமுனுவைப் பெறுகிறாள். விகாரமகாதேவி என்ற அந்த அரசியின் கலியாணம் நடந்தது பொத்துவிலுக்கு அருகே லாகுகலையில் உள்ள மகுல் மகா விகாரையில்தான் என்று அந்தப் பக்கத்துச் சிங்கள மக்கள் சொல்வார்கள். இவையெல்லாம் நடந்ததா என்று என்னைக் கேட்கக் கூடாது. நான் கணக்குப் படிப்பித்தவள். பிள்ளை தாயின் பெயரில் எண்ணப்படுகிற நாட்டில் தாய்மாரைப் பற்றித்தானே கதை கட்டுவார்கள் என்று மட்டும் தோன்றுகிறது.

பேழையில் வந்தவர்களில் பெரியவள் கண்ணகி. நாங்கள் கண்ணகை அம்மன் என்போம். சிலப்பதிகாரம் படித்தவர்கள், கண்ணகிக்கும் பேழைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எங்கள் கண்ணகியின் கதை இளங்கோவடிகள் சொன்னது அல்ல, 'கண்ணகி வழக்குரை' சொல்வது. அதில் அவள் பாண்டியன் தோட்டத்து மாங்கனியில் பிறக்கிறாள். மதுரைக்கு இவளால் அழிவு என்று சாத்திரம் சொல்ல, பேழையில் வைத்துக் கடலில் விடுகிறான் பாண்டியன். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையில் பேழை சேருகிறது, மாநாகர் எடுத்து வளர்க்கிறார். ஆக, மதுரையில் சிலம்போடு வந்து நின்று நீதி கேட்டவள் அந்தப் பாண்டியனின் சொந்த மகள். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு மயிர் கூச்செறியும். தன் மகளென்று தெரியாத அரசன், தன் தகப்பனென்று பாராத மகள்.

கலியாணச் சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கப்பலில் புறப்பட்டு, வெடியரசனோடு கடலில் போர் செய்யும் 'கடலோட்டு காதை'யும் இதில்தான் இருக்கிறது. வெடியரசனுக்கு நெடுந்தீவில் கோட்டை காட்டுவார்கள். இதே கதை யாழ்ப்பாணத்தில் 'கோவலனார் கதை', வன்னியில் 'சிலம்பு கூறல்'. வி.சீ. கந்தையா 1968இல் மட்டக்களப்புப் பாடத்தைப் பதிப்பித்தார். அதற்கு முன் அது கோயில் ஏட்டிலும் பாடுவோர் தொண்டையிலும்தான் இருந்தது.

பாடும் காலம் வைகாசி. கண்ணகை அம்மன் கோயில்கள் ஆண்டில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். வைகாசிப் பூரணையை ஒட்டிக் கதவு திறப்பார்கள். கதவு திறந்தால் சடங்கு தொடங்கிவிட்டது. தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர், எருவில் என்று கடற்கரையும் வாவிக்கரையும் நெடுகிலும் அந்த நாட்களில் ஊருக்கு ஊர் உடுக்குச் சத்தம் கேட்கும். எங்கள் தெருவில் எந்தக் குசினியிலும் மச்ச வாசம் வராது. பூசை செய்பவர் ஐயர் அல்ல, கப்புகனார் அல்லது கட்டாடியார். கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் லீவு எடுத்து வந்து இறங்குவார்கள். தீபாவளிக்கு வராதவனும் சடங்குக்கு வருவான்.

இரவில் வழக்குரை படிப்பார்கள். கல்யாணக்கால் நட்டுப் பட்டு உடுத்துவார்கள். அது அம்மனின் கலியாணம். கோவலன் கொலைப்படும் காதை படிக்கிற இரவு பெண்கள் பக்கத்தில் விம்மல் கேட்கும். கடைசி நாள் திருக்குளிர்த்தி, பேச்சில் குளுத்தி. மதுரையை எரித்துவிட்டு அந்தச் சூட்டோடு இலங்கைக்கு வந்தவளைக் குளிர வைக்க வேண்டும். பெரிய பானையில் தண்ணீர், அதில் வேப்பிலை. குளிர்த்திப் பாடல் ஏற ஏற, கப்புகனார் வேப்பங்குழையைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தெளிப்பார். அந்தத் தண்ணீருக்கு விழும் நெரிசலைப் பார்க்க வேண்டும். போத்தலோடு நிற்பவர், செம்போடு நிற்பவர், ஒன்றும் இல்லாமல் முந்தானையை நனைத்துக்கொண்டு ஓடுபவர். அம்மை நோயை அம்மாள் என்று சொல்லிப் பயந்த காலத்தில் அந்தத் தண்ணீர்தான் மருந்து.

சின்ன வயதில் இந்தக் கூட்டத்தில் நான் அம்மம்மாவின் மடியில் இருந்து வழக்குரை கேட்டிருக்கிறேன். அம்மம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. ஆனால் படிப்பவர் ஒரு அடியைத் தவறவிட்டால் போதும், வெற்றிலை மென்ற வாயோடு அந்த அடியை முணுமுணுத்துவிட்டு, "விழுங்கிப்போட்டான்கா" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லுவா. அந்தப் பெண்ணும் "ஓம்கா" என்று தலையாட்டுவா. பிழை பிடிக்கும் அளவுக்குப் பாட்டைத் தெரிந்த அந்தக் கிழவிகளில் ஒருத்தியையும் யாரும் முன்னால் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னதில்லை.

கொம்பு முறியையும் சொல்ல வேண்டும், அது கண்ணகியின் விளையாட்டு. ஊர் இரண்டாகப் பிரியும், வடசேரி, தென்சேரி. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். பூப்பறிக்கப் போன இடத்தில் இருவரின் கொக்கைத்தடியும் ஒன்றில் ஒன்று மாட்டி இழுபட்டது என்பது கதை. வைரமான மரத்தில் வளைந்த கொம்பாகப் பார்த்து வெட்டி, இரண்டையும் கொளுவிக் கட்டி, வடம் பூட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். ஒன்று முறிகிற சத்தம் வெடிபோல் கேட்கும். முறிந்த பக்கத்தாருக்கு அன்றிரவு காது கொடுத்துக் கேட்க முடியாத வசைப்பாட்டு விழும். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் தேநீர் குடிப்பார்கள். மழை வேண்டியும் நோய் விலகவும் இதை ஆடுவார்கள். சிங்கள மக்கள் இதையே அங்கெலிய என்று பத்தினித் தெய்வத்துக்கு ஆடுகிறார்கள். தமிழும் சிங்களமும் கலந்து கிடக்கும் பாணமையில் அது பெரிய விழா. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் எழுதிய நூலில் இதைக் காணலாம். எங்கள் பக்கம் போர்க்காலத்தில் பல ஊர்களில் நின்றுபோய், இப்போது சில இடங்களில் திரும்பவும் ஆடுகிறார்கள்.

இனிக் கோயிலுக்கு வருகிறேன். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன், திருக்கோவில் சித்திரவேலாயுதர் போன்ற பெரிய கோயில்களிலும், ஊர்க் கோயில்களிலும், திருவிழாக்கள் குடிக்கு ஒன்றாகப் பங்கிடப்பட்டிருக்கும். கோயிலை நடத்தும் வண்ணக்கர் பதவியும் குடிவழி வருவது. மாமனுக்குப் பின் மருமகன். பூசை முடிந்தால் எந்தக் குடிக்கு முன்னீடு, எந்தக் குடிக்கு அடுத்த வரிசை என்று ஒழுங்கு இருக்கிறது. அதை மாற்றினால் அடிதடி, பொலிஸ், வழக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தட்டத்து வெற்றிலைக்கும் ஒரு மாலைக்கும் இவ்வளவு சண்டையா என்று இருக்கும். எங்களுக்கு அந்த வரிசைதான் வரலாற்றுப் புத்தகம். யார் முதல் வந்தார், யார் யாருக்குக் காணி கொடுத்தார், எந்தக் குடி எந்தக் காலத்தில் மேலே நின்றது என்பதெல்லாம் அந்த வெற்றிலைத் தட்டத்தில் எழுதியிருக்கிறது. சாதி ஏற்றத்தாழ்வும் அதே தட்டத்தில்தான் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். முன்னீடு கிடைக்கும் குடிகள் சில, பறை அடித்துவிட்டு வெளியே நின்றவர்கள் பலர்.

அந்த வரிசையில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? மருமகன் வண்ணக்கர் ஆவது அவன் தாயால். ஆனால் தாய் வண்ணக்கர் ஆக முடியாது. சில கண்ணகி கோயில்களில் பெண்கள் நெல் குற்றும் சடங்கு உண்டு, மண்டூரில் ஆலாத்திப் பெண்கள் உண்டு. மற்றபடி எங்கள் பங்கு குரவை. நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவதில் மட்டக்களப்புப் பெண்களை வெல்ல ஆளில்லை, அதில் பெருமைதான். ஆனாலும் ஒரு கோயிலின் பொதுக்கூட்டத்தில் எழும்பி, வழக்குரையில் ஒரு காதையைப் பெண்களும் படித்தால் என்ன என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. வயதில் மூத்த ஒருவர், "டீச்சர், நீங்க குரவையப் போடுங்க, மத்ததை நாங்க பாப்பம்" என்றார். அவருடைய குடியும் என்னுடைய குடியும் ஒன்று. அவர் அந்தக் கதிரையில் இருப்பதே என் அம்மம்மாவின் அக்கா வழியில்!

கோயில்களும் மாறுகின்றன. வெளிநாட்டுக் காசு வந்து கோபுரம் எழும்புகிறது, தினமும் பூசை, குருக்கள், சமஸ்கிருதம். ஆண்டுக்கு ஒரு முறை திறந்த கதவை நாள்தோறும் திறந்தால் அம்மனுக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். கப்புகனார் ஓரத்துக்குப் போகிறார், வழக்குரை இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்குகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. சீமெந்துக் கோபுரம் எந்த ஊரிலும் கட்டலாம்.

எங்கள் பேச்சைப் பற்றி ஒன்று. கமில் சுவெலபில் என்ற செக் நாட்டுத் தமிழறிஞர், பேச்சுத் தமிழ்களில் எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்ட நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். அதைச் சொல்லி நாங்கள் யாழ்ப்பாணத்தாரைச் சீண்டுவதுண்டு. ஆனால் அந்தத் தமிழ் வாழ்ந்த இடங்கள் வயலும் களமும் கூத்துக்களரியும் கோயிலும். சூடடிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். மெசின் வந்த பிறகு களமே இல்லை. வசந்தன் ஆட்டத்துக்குரிய பாட்டுகளைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் 'வசந்தன் கவித்திரட்டு' என்று அச்சிட்டதால் அவை தப்பின. வடமோடி, தென்மோடிக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அவரிடம் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு அதைப் பற்றி ஆய்வு எழுதினார். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளோ, சிலப்பதிகாரத்தின் இசையைத் தேடிப் போய் 1947இல் 'யாழ் நூல்' தந்தார். கண்ணகை அம்மன் கோயில் உள்ள ஊரில் வளர்ந்த பிள்ளை அந்தக் காவியத்தைத் தேடிப் போனதில் எனக்கு வியப்பில்லை.

இவர்கள் எல்லோரும் எழுதி வைத்தவை பெரும்பாலும் ஆண்கள் பாடியவை. பெண்கள் முணுமுணுத்ததை எழுத ஆள் இருக்கவில்லை. என் அம்மம்மா 1981இல் செத்துப்போனா. அவவுக்குத் தெரிந்த வழக்குரை அச்சில் உள்ளதோடு எங்கெங்கே வேறுபட்டது என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதனால் இரண்டு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டியில் வழக்குரை, குளிர்த்தி, ஊர்சுற்றுக் காவியம் என்று பழைய ஏடோ சி.ஆர். கொப்பியோ கிடந்தால், கறையான் தின்னுமுன் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ, நூலகம் நிறுவனத்துக்கோ காட்டிப் படமெடுக்க விடுங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். கோயில் நிர்வாகத்தாருக்கு மற்றது: வருகிற வைகாசியில் ஒரு இரவு, ஒரு காதை, மைக்கைப் பெண்கள் பக்கம் நீட்டுங்கள். குரவையை நாங்கள் விட்டுவிட மாட்டோம்.